ஜீனா, மீனா?

வெள்ளிக்கிழமை ராத்திரி. அக்கா பையன் கோயமுத்தூரில் பயோடெக் இரண்டாம் வருஷம் படிக்கிறான், லீவுக்கு வந்திருந்தான். தட்டில் தோசை ஆறிக்கொண்டிருக்க, அவன் செல்போனில் எதையோ படித்துவிட்டுத் தலையைத் தூக்கினான். "மாமா, இனி ஜீனை மாத்தி மனுசன் காதையே பெருசா மேம்படுத்திரலாமாம். வௌவாலுக்குக் கேக்கறதெல்லாம் நமக்கும் கேக்கும்."

எதிரில் உட்கார்ந்திருந்த அப்பா தோசையைப் பிய்த்த கையை நிறுத்தினார். "வெள்ளிக்கெழம அதுவுமா யாரு மீன் வாங்குனது?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். அப்பாவும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல். ஏழெட்டு வருஷமாக இந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுற்றியிருப்பவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அரை நொடி பிந்தி வந்து சேர்ந்துகொள்கிற சிரிப்பு.

அப்பா 31 வருஷம் சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டியவர். ஒரு குடோனில் 24 தறி, அதில் ஆறு தறி அவர் பொறுப்பு. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். தறிக்குடோனுக்குள் போகாதவர்களுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒவ்வொரு தறியிலும், பாவு நூலுக்குக் குறுக்கே ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஒரு கட்டை அடித்துத் தள்ளும், அங்கிருந்து இன்னொன்று திருப்பி அடிக்கும். நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல். அது போல 24. பக்கத்தில் நிற்பவர் காதில் வாய் வைத்துக் கத்தினால்தான் ஒரு வார்த்தை போய்ச் சேரும். அதனால் உள்ளே யாரும் பேசுவதில்லை. இரண்டு விரலைக் கத்தரி மாதிரி காட்டினால் பாவு நூல் அறுந்திருக்கிறது. கட்டைவிரல் வாய்க்குப் போனால் டீ. மீசையை முறுக்குகிற மாதிரி காட்டினால் ஓனர் வருகிறார். சின்ன வயதில் நானும் அக்காவும் இந்தப் பாஷையில் வீட்டில் பேசி அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறோம்.

எங்கள் வீடு குடோனுக்குப் பின்பக்கம். தறிச்சத்தத்தில் நாங்கள் நன்றாகத் தூங்குவோம். கரண்ட் போனால்தான் முழிப்பு வரும். திடுக்கென்று எல்லாம் நின்று, அந்த அமைதிக்குள் காது மட்டும் 'ங்ஙொய்' என்று தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, மரபணு என்கிற ஜீன் எப்படி மீனானது? 'ஜீன்', 'மீன்' இரண்டிலும் ஈகாரமும் னகரமும் ஒன்று. முதல் எழுத்தின் உரசல் மட்டும்தான் வேறு. ச, ஜ, ஸ, ஷ மாதிரியான எழுத்துகளின் அடையாளம் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. உயிரெழுத்துகளின் கனம் கீழே. இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். காது கேட்கும் அளவைக் கோடாகக் காட்டும் அப்பாவின் ஆடியோகிராமில் அந்த இடத்தில் கோடு கிணற்றுக்குள் இறங்கினாற்போல் இறங்குகிறது. மீதிப் பக்கங்களில் அவர் வயதுக்கு மோசமில்லை. அவரே டாக்டரிடம் சொன்னது இது: "சத்தமெல்லாம் நல்லாக் கேக்குதுங்க. பேச்சுத்தானுங்க வெளங்கறதில்ல."

இந்த ஒரு வாக்கியத்தை ஒரு காது மெஷின் கடைக்காரர் காதில் வாங்கியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் பணம் மிச்சமாகியிருக்கும். சீட்டுப் பணத்தில் வாங்கிய மெஷினை மூன்றாம் நாள் கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். "மறுபடியும் குடோனுக்குள்ள போன மாதிரி இருக்குது கண்ணு." எல்லாச் சத்தமும் பெரிதாகிவிட்டது. சொல் மட்டும் பழையபடி சத்தத்துக்குள்ளேயே புதைந்து கிடந்தது. எல்லா மெஷினும் இப்படி என்று சொல்ல மாட்டேன். பொறுமையாக அளந்து, திரும்பத் திரும்பச் சரிசெய்து கொடுத்தால் பயன்பெறுகிறவர்கள் நிறையப் பேர். எங்களுக்குக் கிடைத்தது பெட்டியும் பில்லும்தான்.

மருமகன் ஊருக்குப் போனபிறகும் 'காதை மேம்படுத்துவது' என்ற பேச்சு என்னை விடவில்லை. மேம்படுத்துவது என்றால் எதை?

காது வேலை செய்யும் விதம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: செவிப்பறை, சுத்தி, பட்டடை, அங்கவடி, அப்புறம் நத்தைக்கூடு போல இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்ட காக்லியா. அதைப் பிரித்து நீட்டினால் 35 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதன் நீளத்துக்கு ஒரு சவ்வு ஓடுகிறது. வாசல் பக்கம் கீச்சுக் குரல்களுக்கு ஆடும், நுனிப் பக்கம் கனத்த ஒலிகளுக்கு ஆடும். இதைக் கண்டுபிடித்தவர் புடாபெஸ்டில் தபால் துறையின் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கியோர்க் ஃபான் பெக்கேஷி. இறந்தவர்களின் காதுகளை வைத்து அந்த அலையை நுண்ணோக்கியில் பார்த்தார். 1961-இல் நோபல் பரிசு.

இறந்த காது என்பதுதான் இதில் விஷயம். 1948-இலேயே தாமஸ் கோல்டு என்ற வானியல்காரர், போர்க்காலத்தில் ராடாரில் வேலை செய்தவர், ஒரு சந்தேகம் கிளப்பினார். காக்லியாவுக்குள் இருப்பது திரவம். திரவத்துக்குள் ஒரு சவ்வு ஆடினால் ஆட்டம் உடனே அடங்கிவிடும். அப்படியிருந்தும் நம்மால் இவ்வளவு துல்லியமாகச் சுருதி பிரிக்க முடிகிறது என்றால், உள்ளே ஏதோ ஒன்று சக்தி கொடுத்து ஆட்டத்தைத் தூக்கிவிட வேண்டும், பழைய ரேடியோவின் ஆம்ப்ளிஃபயர் மாதிரி. அப்படியானால் சில சமயம் காதே சத்தம் போடவும் வேண்டும் என்றார். ஒருவரும் சட்டை செய்யவில்லை. முப்பது வருஷம் கழித்து, 1978-இல், லண்டனில் டேவிட் கெம்ப் ஒரு சின்ன மைக்கைக் காதுக்குள் வைத்து ஒரு 'டிக்' ஒலியை அனுப்பினார். சில மில்லிநொடி கழித்துக் காதிலிருந்து பதில் வந்தது. இன்று பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று ஆஸ்பத்திரியில் பார்ப்பதற்கு இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். குழந்தை பதில் சொல்ல வேண்டாம், அதன் காது சொல்லிவிடும்.

அந்த ஆம்ப்ளிஃபயர் எதுவென்று 1980-களில் தெரிந்தது. ஒவ்வொரு காதிலும் சுமார் 3,500 உள்வரிசை மயிர்ச் செல்களும் (நுனியில் மயிர் போன்ற இழைகள் கொண்ட, ஒலியை உணரும் செல்கள்), அவற்றுக்கு வெளியே மூன்று வரிசையில் சுமார் 12,000 வெளிவரிசை மயிர்ச் செல்களும் இருக்கின்றன. மூளைக்குச் செய்தி அனுப்புவது பெரும்பாலும் உள்வரிசை. வெளிவரிசைக்காரர்கள் மின்னழுத்தம் மாற மாற நீண்டு சுருங்கி, சவ்வை உந்திக்கொடுக்கிறார்கள், ஊஞ்சலில் இருக்கும் குழந்தையைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுகிற மாதிரி. இதைச் செய்யும் புரதத்தை 2000-இல் பீட்டர் டாலோஸின் குழு கண்டுபிடித்து, 'வேகமாக' என்று பொருள்படும் இசைச் சொல்லிலிருந்து 'பிரெஸ்டின்' என்று பேர் வைத்தது.

மருமகன் சொன்ன வௌவால் இங்கேதான் வருகிறது. எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிக்கும் வௌவால்களின் பிரெஸ்டினும் டால்பின்களின் பிரெஸ்டினும் சில இடங்களில் ஒரே மாதிரி மாறியிருப்பதாக 2010-இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. நெருங்கிய உறவில்லாத இரண்டு விலங்குகள், ஒரே புரதத்தில் ஒரே திருத்தம். படித்தவுடன் எவனுக்கும் தோன்றும்: அந்தத் திருத்தத்தை நமக்கும் போட்டால்? ஆனால் உயர்ந்த ஒலியைக் கேட்பது பிரெஸ்டின் மட்டும் செய்கிற காரியமில்லை. நடுக்காது எலும்புகளின் எடை, சவ்வின் விறைப்பு, தலையின் அகலம் எல்லாம் சேர்ந்தது. சின்னத் தலைக்காரர்கள்தான் ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க உயர்ந்த அதிர்வெண்களை நம்பியிருக்கிறார்கள். வௌவால் காது வேண்டுமென்றால் வௌவால் தலையும் வேண்டும்.

அப்படியானால் கூர்மையைக் கூட்டலாமா? இதைப் படிப்பதை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, இரண்டு கட்டைவிரல்களாலும் காதுகளை அடைத்து, மற்ற விரல்களை முஷ்டியாக இறுக்கிப் பாருங்கள். தூரத்தில் லாரி ஓடுகிற மாதிரி ஒரு உறுமல் கேட்கும். அது உங்கள் கைத் தசைநார்கள் இழுபடும் சத்தம். நம் காது கேட்கும் எல்லை 20 ஹெர்ட்ஸ் பக்கம் மங்கிவிடுவதால்தான் நாளெல்லாம் இந்தச் சத்தத்தோடு வாழாமல் தப்பிக்கிறோம். நமக்குக் கேட்கக்கூடிய ஆகச் சன்னமான ஒலிக்குச் செவிப்பறை ஆடும் தூரம் ஒரு அணுவின் அகலத்தைவிடக் குறைவு. அதற்கும் கீழே போனால் உள்ளேயிருக்கும் திரவத்தின் மூலக்கூறுகள் வெப்பத்தில் ஆடுகிற இரைச்சல்தான் மிச்சம்.

கூர்மை அதிகமானால் என்ன ஆகும் என்பதற்கு மனிதர்களிலேயே சாட்சி இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் லாய்ட் மைனர் 1998-இல் ஒரு நோயை விவரித்தார். உள்காதின் மேல் அரைவட்டக் குழலை மூடியிருக்கும் எலும்பில் ஒரு சிறு திறப்பு விழுந்துவிடுகிறது. அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களில் சிலருக்குத் தன் நாடித்துடிப்பு கேட்கிறது, நடக்கும்போது குதிகால் தரையில் மோதுவது தலைக்குள் இடிக்கிறது, சிலருக்குக் கண் விழியைத் திருப்பினால் அந்த உரசலே காதில் விழுகிறது. அவர்கள் ஆப்பரேஷன் செய்து அந்த ஓட்டையை அடைத்துக்கொள்கிறார்கள். மேம்பட்ட காது இலவசமாகக் கிடைத்தும் வேண்டாம் என்கிறார்கள்.

இதெல்லாம் தெரிந்தபின் அதிகம் கேட்கிற ஆசை எனக்குப் போய்விட்டது.

அப்பாவுக்கு வேண்டியது வேறு. 2009-இல் பாஸ்டனில் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் எலிகளுக்கு இரண்டு மணி நேரம் 100 டெசிபல் சத்தம் போட்டுப் பார்த்தார்கள். எலிகளுக்குக் காது மந்தமாகி, சில நாளில் பழையபடி சரியாகிவிட்டது. சோதனையில் எல்லாம் சாதாரணம், மயிர்ச் செல்களும் முழுசாக இருந்தன. ஆனால் வெட்டிப் பார்த்தபோது, உயர்ந்த ஒலிகளுக்கான பகுதியில் உள்வரிசைச் செல்லும் நரம்பும் சந்திக்கும் இணைப்புகளில் ஏறக்குறைய பாதி காணாமல் போயிருந்தது. அமைதியான அறையில் 'பீப்' கேட்பதற்கு மிச்சமிருக்கும் பாதி போதும். சந்தைக்கடையில் ஒருவர் பேச்சைப் பிரித்தெடுப்பதற்குப் போதாது. மறைந்திருக்கும் செவிக்குறை என்று இதற்குப் பின்னால் பேர் வந்தது. உயிரோடிருக்கும் மனிதர் காதில் இதை நேராக எண்ணிப் பார்க்க வழியில்லை, காக்லியா உடம்பிலேயே கடினமான எலும்புக்குள் புதைந்திருக்கிறது. அதனால் அப்பாவுக்கு இது இருக்கிறது என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. "சத்தம் கேக்குது, பேச்சு வெளங்கல" என்று அவர் சொன்னதை மட்டும் வைத்து நானாகச் சந்தேகப்படுகிறேன்.

இதற்கு மேல்தான் எனக்கு உண்மையில் ஆச்சரியம். 2024-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கேப்ரியல் கோர்ஃபாஸின் குழு ஒரு முடிவை வெளியிட்டது. உள்வரிசைச் செல்களைத் தாங்கி நிற்கும் துணைச் செல்கள் நியூரோட்ரோஃபின்-3 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. இணைப்புகளை வளர்ப்பதில் அதற்குப் பங்குண்டு. மரபணுவைத் தொட்டு, சில எலிகளில் அந்தச் சுரப்பைக் கூட்டினார்கள், சிலவற்றில் குறைத்தார்கள். எதற்கும் காயம் இல்லை, எல்லாம் நல்ல எலிகள். கூட்டிய எலிகளுக்கு இணைப்புகள் இயல்பைவிட அதிகம் வளர்ந்தன. அவற்றால் இன்னும் மெல்லிய ஒலியைக் கேட்க முடிந்ததா என்றால் இல்லை, அந்த எல்லை அப்படியே இருந்தது. ஆனால் தொடர்ந்து ஓடும் இரைச்சலுக்கு நடுவே ஒரு கணம் விழும் இடைவெளியை அவை சாதாரண எலிகளைவிட நன்றாகப் பிடித்தன. எலியிடம் எப்படிக் கேட்பது? பெரிய சத்தம் போட்டால் எலி திடுக்கிடும். அதற்கு முன்னால் இரைச்சலில் ஒரு சின்ன இடைவெளி விட்டால், அதைக் கவனித்த எலி குறைவாகத் திடுக்கிடும்.

இடைவெளியைக் கேட்பதில் என்ன பெரிய காரியம் என்று தோன்றலாம். 'பாடு' என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் 'பாட்டு'. இரண்டாவதில் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றுமே சொல்லாமல் நிற்கிறது. தமிழில் பாதிச் சொற்கள் இந்த ஒன்றுமில்லாததை வைத்துத்தான் பிழைக்கின்றன. 'மடம்' வேறு, 'மட்டம்' வேறு. அந்த மௌனத்துக்குள் மின்விசிறியும் டிவியும் புகுந்து நிரப்பிவிட்டால் அப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆக, 'மேம்பட்ட செவி' என்ற பேருக்கு ஓரளவு பொருத்தமாக இதுவரை நான் படித்தது இந்த எலிகள்தான். அவற்றுக்குக் கூடிக் கிடைத்தது சத்தம் இல்லை.

மனிதர்களிடம் மரபணு மருத்துவம் போயிருக்கும் தூரமும் குறைவில்லை. ஓட்டோஃபெர்லின் என்ற புரதம் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு மயிர்ச் செல் இருக்கும், நரம்பும் இருக்கும், நடுவில் செய்தியைக் கைமாற்றும் வேலை மட்டும் நடக்காது. பாவும் இருக்கிறது, ஊடையும் இருக்கிறது, நாடா ஓடவில்லை. அந்த மரபணு சுமார் 6,000 எழுத்து நீளம். அதைத் தூக்கிச் செல்லும் வைரஸில் 4,700 எழுத்துக்குத்தான் இடம். அதனால் இரண்டாக வெட்டி இரண்டு வைரஸ்களில் ஏற்றி, செல்லுக்குள் போனபின் ஒட்டவைக்கிறார்கள். ஷாங்காயில் ஃபூடான் பல்கலைக்கழக மருத்துவமனையில் இப்படி ஆறு குழந்தைகளுக்குச் செய்து, ஐந்து பேருக்குக் கேட்கத் தொடங்கியதை 2024 ஜனவரியில் வெளியிட்டார்கள். அதே மாதம் பிலடெல்பியாவிலிருந்தும் ஒரு பையனைப் பற்றிச் செய்தி வந்தது.

காஷ்மீர்ப் பக்கம் தோடா மாவட்டத்தில் தட்காய் என்று ஒரு மலைக் கிராமம். தலைமுறை தலைமுறையாக அங்கே நிறையப் பேருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆராய்ந்து பார்த்ததில் பெரிய காரணங்களில் ஒன்று இதே ஓட்டோஃபெர்லின் மரபணு. ஷாங்காய்க்கும் தட்காய்க்கும் நடுவே இருப்பது இனி விஞ்ஞானத்தின் தூரம் மட்டுமில்லை.

நம் ஊரிலும் கதை உண்டு. பிறவிச் செவிட்டுக்கு அதிகம் காரணமாகும் கனெக்சின்-26 மரபணுவில் ஒரு குறிப்பிட்ட பிழை இந்தியாவில் அதிகமாகக் காணப்படுகிறது. அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று என்று இரண்டும் சேர்ந்து வந்தால்தான் தொல்லை. அக்காள் மகளையும் அத்தை மகளையும் கட்டும் குடும்பங்களில் அது சேர்வதற்கு வாய்ப்பு கூடுதல். 2019-இல் ரஷ்யாவின் டெனிஸ் ரெப்ரிகோவ், கேட்காத பெற்றோரின் கருவிலேயே இந்த மரபணுவைத் திருத்தப் போவதாக அறிவித்துப் பெரிய சர்ச்சை ஆனது. எனக்கும் அதில் ஒப்புதல் இல்லை. பிறந்த குழந்தையின் ஒரு காதில் மருந்து செலுத்துவது அந்தக் குழந்தையோடு நிற்கிறது. கருவில் கை வைத்தால் அதன் பேரப்பிள்ளைகள் வரை போகும். சைகை மொழியிலேயே முழுசாக வாழ்கிறவர்கள் "எங்களை ரிப்பேர் பண்ணச் சொன்னது யார்?" என்று கேட்பதும் காதில் விழ வேண்டிய கேள்விதான், தறிக்குடோனில் மீசை முறுக்கிப் பேசிய பாஷை எனக்கு அதைக் கொஞ்சம் புரியவைக்கிறது.

மீனை மறந்துவிட்டேன். நம் மயிர்ச் செல்கள் தாயின் வயிற்றில் உருவானதோடு சரி. கண்ணின் ஒளி உணரும் செல்கள் 10 கோடிப் பக்கம். காதுக்கு 16,000-கூட இல்லை, செத்தது செத்ததுதான். பறவைகளுக்கு அப்படியில்லை என்று 1988-இல் கோழிக்குஞ்சுகளிலும் காடைகளிலும் கண்டுபிடித்தார்கள். சத்தத்தில் அழிந்த செல்கள் திரும்ப முளைத்திருந்தன. மீன்களுக்கும் முளைக்கும். வரிக்குதிரை மீன் என்று ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் சின்ன மீனின் உடம்பு ஓரத்தில் இருக்கும் மயிர்ச் செல்களை அழித்தால் சில நாளில் புதுசு வந்துவிடும். பாலூட்டிகள் மட்டும் ஏன் இந்த வித்தையைத் தொலைத்தோம் என்று மீனின் ஜீனை நோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா கேட்டது அவ்வளவு தப்பில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். மின்விசிறியை நிறுத்தி, டிவியை நிறுத்தி, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, கையும் வாயுமாக. மீன் கதைக்குச் சிரித்தார், இந்த முறை சரியான நேரத்தில். எலிக் கதை வந்தபோது நிமிர்ந்து பார்த்தார்.

"காதை எப்படிக் கெடுத்தாங்க அதுகளுக்கு?"

"சத்தம் போட்டுத்தானுங்க. தறிச்சத்தம் மாதிரி. ரெண்டு மணி நேரம்."

அப்பா இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார், சரியாகத்தான் கேட்டேனா என்பதுபோல. நான் தலையாட்டினேன்.

"ரெண்டு மணி நேரந்தானா?" என்றார். அப்புறம் மீன் முள்ளை எடுக்கத் தொடங்கினார்.